காதுகுத்து அன்று போட்ட ஊசி

குத்திய காது சீழ் வைத்துவிடக் கூடாது என்றுதான், கோயிலுக்கு வரும் வழியிலேயே சுகந்தி மகள் ஆதிரைக்கு அந்தப் புதிய தோல் ஊசியைப் போட்டு அழைத்து வந்தாள். எங்கே சிறு இடைவெளி கண்டாலும் தோலின் செல்கள் இரு பக்கமிருந்தும் நகர்ந்து வந்து மூடிவிடுமாம்.

மூடத்தான் செய்தன. ஆசாரி குத்திய துளை, ஊசியை எடுத்ததுமே காணாமல் போனது. மறுபடி குத்தி, தங்கக் கம்பியையே செருகி முறுக்கினார். பந்தி முடிவதற்குள் கம்பி தோலுக்கு அடியில் போய்விட்டது.

“ஏம்மா சுகந்தி, பஞ்சரே ஆகாத டயரால்ல மாட்டிக் கூட்டியாந்திருக்க!” என்று தாய்மாமன் தயாளன் சிரித்தான். அழுது களைத்த குழந்தை அவன் மடியில் வாயைப் பிளந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

“சும்மா இருண்ணே. கம்பிய டாக்டர்கிட்டப் போய் எடுத்துக்கலாம். அவள எழுப்பு, சாப்பிடட்டும்.”

ஆதிரை எழுந்து உட்கார்ந்தாள். மண்டபத்துக்குள் உச்சிவெயில் விழுந்துகொண்டிருந்தது.

“அம்மா, ஏம்மா கரண்டு போயிடுச்சு?”

சுகந்தி குனிந்து பார்த்தாள். மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் நடுவே கோடே இல்லை. வழவழப்பான தோலில் இமைமுடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு விழிகளும் அம்மாவைத் தேடி உருண்டுகொண்டிருந்தன.