குலசை பஸ்ஸில் ஒரு கொலை

“வாளை சீட்டுக்கு அடியில போடு பாப்பா. போன வருசம் ஒரு காளி சூலத்தால என் பையையே கிழிச்சுட்டா” என்றார் கண்டக்டர் செந்தில்முருகன்.

தும்பை குனிந்து வாளை வைத்தாள். அது நிஜ வாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. திருநெல்வேலியிலிருந்து குலசேகரன்பட்டினம் போகும் அந்த பஸ்ஸில் ஏற்கெனவே இரண்டு காளி, ஒரு கரடி, மீசையை எடுக்க மனமில்லாத ஒரு மோகினி.

தசரா வந்தால் நேர்த்திக்கடனுக்கு வேஷம் கட்டி, காணிக்கை வாங்கி, குலசை முத்தாரம்மன் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கறுப்பு அங்கியோடு பஸ் ஸ்டாண்டில் முழித்துக்கொண்டு நின்ற தும்பையின் கையிலும் சிலர் சில்லறை போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் காசில்தான் டிக்கெட் எடுத்தாள்.

ஆனால் தும்பை கட்டியிருந்தது வேஷம் இல்லை. பொதிகை மலை அருவிக்குப் பின்னால் இருக்கும் மஞ்சுநாட்டிலிருந்து அன்று காலையில்தான் வந்திருந்தாள். கொலைகாரர் குலத்தில் பிறந்தவள். இது அவளுடைய முதல் கொலை.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஆட்சியை அப்படியே போட்டுவிட்டு அருவி தாண்டி ஓடிப்போன மன்னரைத் தேடிப்பிடித்துத் தீர்த்துக்கட்ட வேண்டும். அடையாளத்துக்குக் கிரீடத்தைக் கொண்டுவர வேண்டும். மகாராணியின் கட்டளை இது. பஸ் ஸ்டாண்டில் மன்னரைப் பற்றி விசாரித்தபோது, ராசாவெல்லாம் குலசைக்குத்தான் போவார்கள் என்று யாரோ இந்த பஸ்ஸைக் காட்டிவிட்டார்கள். வெறுங்கையோடு திரும்பினால் அருவி வழிவிடாது. அம்மாவை அப்புறம் பார்க்கவே முடியாது.

சிக்கல் என்னவென்றால், தும்பைக்குக் கொலை செய்ய மனசே வராது. பயிற்சியில் வைக்கோல் பொம்மையைக் குத்திவிட்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டவள் அவள். போதாததற்கு, மன்னரின் முகத்தையும் பார்த்ததில்லை. பல்லக்கு போகும்போது குடிமக்கள் தரையைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் நாட்டுச் சட்டம்.

வாளை வைத்துவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து இருக்கையில், ஜன்னலோரமாக, ஒரு மன்னர் உட்கார்ந்திருந்தார். சிவப்புப் பட்டு அங்கி, அதை முட்டிக்கொண்டு நிற்கும் தொப்பை, தலையில் கிரீடம்.

“நீர் மன்னர்தானே?” என்று கேட்டாள்.

“ஆமா தாயி. இந்தா, கருப்பட்டி மிட்டாய். நான் விரதம், நீ தின்னு.”

ஒரு கையில் மிட்டாயை வாங்கிக்கொண்டு, மறு கையால் அங்கிக்குள் இருந்த குறுவாளைப் பிடித்தாள். இனிமேல் யோசிக்கக் கூடாது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“என்ன அண்ணாச்சி, இந்த வருசமும் ராசாதானா?” டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்த செந்தில்முருகன் பக்கத்தில் நின்றார். “கரடி கட்டலாம்லா. உடம்பு அதுக்குத்தான் எடுப்பா இருக்கு.”

“எந்தக் கரடிக்குவே இம்புட்டுத் தொப்பை இருக்கு?”

தும்பை ஒரு கண்ணைத் திறந்தாள். அண்ணாச்சியைத் தெரியாதா என்று கண்டக்டர் அவளைக் கேட்டார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பரோட்டாக் கடை ஐயம்பெருமாள் என்றால் தெரியாதவர் கிடையாதாம். சால்னாவுக்காகவே பாளையங்கோட்டையிலிருந்து ஆள் வருமாம். பின் சீட்டுக் கரடி கணக்கு வாத்தியார் என்றும், மோகினி தாலுகா ஆபீஸ் பியூன் என்றும் அவரே சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கண்டக்டர் வர இமைப்பொழுது பிந்தியிருந்தால், தும்பை சால்னாவுக்குப் பேர்போன ஒரு அப்பாவியைக் கொன்றிருப்பாள். குறுவாளை விட்டுவிட்டு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். அது கரையக் கரைய அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

கிரீடத்தைத்தானே கொண்டுவரச் சொன்னார்கள்? அது யார் தலையில் இருந்தது என்று அருவியா கேட்கப்போகிறது? அட்டையும் ஜிகினாத் தாளும்தான் என்றாலும், அரண்மனையின் மங்கல் விளக்கில் யாருக்கும் தெரியாது.

வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் சொன்னாள். தன் தம்பிக்கு அரசன் வேஷம் கட்ட ஆசை என்றும், கிரீடம் வாங்க வீட்டில் வழியில்லை என்றும் சொன்னாள். “உம்முடைய முடியை எமக்குத் தருவீரா?”

“பாப்பா வசனமெல்லாம் நல்லாப் பேசுதே” என்று முன்னாலிருந்து கண்டக்டர் பாராட்டினார்.

ஐயம்பெருமாள் சிரிக்கவில்லை. குனிந்து, சீட்டுக்கு அடியில் கிடந்த வாளின் பிடியைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கிரீடத்தைக் கழற்றி அவள் மடியில் வைத்தார்.

“கொண்டு போ தாயி. இத வச்ச நாள்லேர்ந்து எனக்குத் தலவலிதான்.”

கிரீடம் நல்ல கனம். இவ்வளவு தூரம் இதை எப்படிச் சுமந்து வந்தார் என்று தும்பை ஆச்சரியப்பட்டாள். தினமும் மூட்டை மூட்டையாக மாவு பிசைகிற உடம்பு, தாங்கும் போலிருக்கிறது.

ஆழ்வார்திருநகரியில் பஸ் நின்றதும் வாளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எதிர்ப்பக்கம் திருநெல்வேலி பஸ் வந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்தால் இருட்டுவதற்குள் மலையடிவாரம், அப்புறம் அம்மா. யாரையும் கொல்லாமல் வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் அவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

குலசை பஸ் கிளம்பியது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஐயம்பெருமாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மற்ற யாருக்கும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்:

“மகாராணி கேட்டா, கடைசியா அவ பேரச் சொல்லிக்கிட்டேதான் செத்தேன்னு சொல்லிரு தாயி.”