பன்னிரண்டு மணி மெசேஜ்

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க பையன் உங்க தலையில நல்லா மிளகாய் அரைக்கிறார்."

சொன்னவர் அந்த வங்கியில் வெளிநாட்டுக் கார்டுகளைப் பார்க்கிறவர். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் கறார். கொட்டாவி விடுவதற்குக்கூட விதிமுறை பார்க்கிற மனுஷன்.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் வந்த காரியம் சின்னது. மனைவியின் கணக்கில், வெளிநாட்டில் இருக்கிற மகனுக்காக வாங்கிய கூடுதல் கார்டு இந்த மாதத்தோடு காலாவதி. புதுசு வேண்டும், அவ்வளவுதான்.

கறார் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"பாருங்க. தினமும் ஒரே கடை, ஒரே ஒரு காபி. நல்ல சம்பளம்னு சொல்றீங்க, காபிக்குக்கூட அம்மா கார்டுதானா? அம்மாவுக்குப் போனாவது பண்றாரா?"

"இல்லைங்க. கல்யாண விஷயத்துல அவங்கம்மாகூடச் சண்டை. ரெண்டு வருஷமாப் பேச்சே கிடையாது."

"நல்லா இருக்கு நியாயம்! பேச மாட்டாராம், அம்மா காசுல காபி மட்டும் குடிப்பாராம். கார்டை மூடுங்க சார். அப்பத் தெரியும் அம்மாவோட அருமை."

"ஐயோ, மூட வேணாம்." பெரியவரின் குரல் இறங்கியது. "அங்க காபி வாங்கினதும் இவ போனுக்கு மெசேஜ் வரும். நமக்கு அப்ப மத்தியானம் பன்னிரண்டு மணி. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா இருக்கா. அந்த மெசேஜைப் பார்த்தாத்தான் மாத்திரையே போடுவா. 'பேசலேன்னா என்ன, என் காசுல காபி குடிக்கிறான்ல'ன்னு சொல்லுவா."

கறார் கொஞ்சம் இளகினார்.

"சரி, பையனை ஒரு மெயில் போடச் சொல்லுங்க. இன்னைக்கே முடிச்சிடலாம்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவன் போட மாட்டான் சார். அவன் போய்ச் சேர்ந்து ஏழு மாசம் ஆச்சு. ரோட்டைக் கடக்கும்போது ஒரு வண்டி அடிச்சிடுச்சு. இப்ப காபி வாங்குறது அவன்கூட அறையில தங்கியிருந்த பையன். கால்ல விழாத குறையாக் கேட்டுக்கிட்டேன். பாவம், மழையோ குளிரோ, தினம் அதே கடைக்குப் போறான்."

"அம்மாவுக்கு?"

"சொல்லலை. அதிர்ச்சியே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

இத்தனை நேரம் பேசின பேச்சுக்குத் கறாருக்குத் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இறந்தவர் பேர்ல கார்டு தர முடியாது சார்," என்றார் மெதுவாக. "உங்க பேர்ல ஒண்ணு போடலாம், அதை அந்தப் பையனுக்கு அனுப்பிக்கிறது உங்க பாடு. ஆனா கணக்கு அம்மாவோடது. அவங்க போன்ல சம்மதம் சொல்லணும்."

"ஐயையோ, அவளுக்குத் தெரிஞ்சிடுமே!"

"சம்மதமான்னு மட்டும் கேக்கறேன். வேற ஒரு வார்த்தை என் வாயில வராது. நீங்க அந்த சோபாவுல உட்காருங்க."

பெரியவர் போய் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். அங்கிருந்தே கறாரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கறார் போன் போட்டார். நாலாவது மணி அடித்ததும் எடுத்தாள் அந்த அம்மாள். குரல் லேசாகக் குழறினாலும் தெளிவாக இருந்தது.

"வணக்கம்மா, வங்கியிலேர்ந்து பேசறேன். உங்க கணக்குல கூடுதல் கார்டு புதுசாப் போடணும். சம்மதமாம்மா?"

"யார் பேர்ல போடறீங்க தம்பி?"

கறாருக்கு வேர்த்துவிட்டது. "அது வந்து..."

"எங்க வீட்டுக்காரர் பேர்ல போடுங்க. செத்தவன் பேர்ல போடக் கூடாது. முப்பது வருஷம் உங்களை மாதிரி கவுண்டர்ல உட்கார்ந்தவதான் நானும்."

கறார் சட்டென்று நாற்காலியைத் திருப்பி, பெரியவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"அம்மா... உங்களுக்கு எப்படி?"

"வெளிநாட்டுல கார்டைத் தேய்ச்சா மெஷின் கேக்கும்ல, கணக்கை நம்ம ரூபாயில போடவா, அந்த ஊர் காசுல போடவான்னு? நம்ம காசுன்னு அழுத்தினா கமிஷன்னு கூடுதலாப் பிடிச்சுக்குவான். அந்த ஊர் காசையே அழுத்துடான்னு ஏர்போர்ட் வாசல்ல நான்தான் சொல்லி அனுப்பினேன். என்கூடச் சண்டை போட்ட பிறகும் அதை மட்டும் அவன் மாத்தலை. ஏழு மாசத்துக்கு முன்னாடி ஒம்போது நாள் மெசேஜே இல்லை. பத்தாம் நாள் வந்துச்சு, நம்ம காசுல. அன்னைக்கு இவர் குளிக்கிற ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதார். தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. பெத்தவளுக்கு இது போதாதா தம்பி?"

கறார் திரையைப் பார்த்தார். ஏழு மாதமாக அத்தனை வரியும் நம்ம காசில்தான் இருந்தது. இத்தனை வருஷம் இதே வேலை பார்த்தும் அவர் கண்ணில் படவில்லை.

"அப்புறம் எதுக்கும்மா இந்தக் கார்டு?"

"அவருக்காகத்தான். பன்னிரண்டு மணிக்கு மெசேஜ் வந்தா 'பார்த்தியா, வந்துடுச்சு'ன்னு ஓடி வருவார். என் பக்கத்துல உட்கார்ந்து தானும் நாலு வாய் சாப்பிடுவார். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அன்னைக்கே ஒடிஞ்சு போயிடுவார். சம்மதம்னு எழுதிக்குங்க தம்பி."

"எழுதிக்கறேம்மா."

"இன்னொண்ணு. சரியா அழுத்தச் சொல்லி அந்தப் புள்ளைக்கு யாரும் கத்துக்கொடுத்துடாதீங்க. எம் பையன் அழுத்தின மாதிரியே ஒரு நாள் வந்துட்டா நான் தாங்க மாட்டேன்."

போன் வைக்கப்பட்டது. கறார் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். பெரியவர் அதற்குள் எழுந்து கவுண்டருக்கே வந்திருந்தார்.

"என்ன சார், ஏதாவது சந்தேகப்பட்டாளா?"

கறார் விண்ணப்பத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்துப் போடுங்க சார். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியலை."