சிமிழும் பூதக்கண்ணாடியும்

“முகத்தைப் பாக்காதடி, கையைப் பாரு. கையில இருக்கறதுதான் ஆளைக் காட்டிக் கொடுக்கும்.”

“அக்கா, இன்னும் கொஞ்ச நேரத்துல உனக்கு வைவா. இப்பவும் எனக்குப் பாடமா?”

பல்கலைக்கழகத் துறை வராந்தாவின் பெஞ்சில், அக்காவின் தடித்த ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு தங்கை உட்கார்ந்திருந்தாள். ஐரோப்பிய ஓவிய வரலாற்றில் அக்காவின் பல வருட உழைப்பு அது. இன்று இந்த வாய்மொழித் தேர்வில் தேறினால் மியூசியத்தில் வேலை. தேறாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு யாரோ.

வெளியிலிருந்து வர வேண்டிய தேர்வாளருக்குத் திடீர்க் காய்ச்சல். அவருக்குப் பதிலாக வருவது யார் என்று ஆபீசில் யாரும் வாய் திறக்கவில்லை.

“நானும் விசாரிச்சேன்,” என்றாள் தங்கை. “பேரை மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்க. பாக்கப் பரம சாதுவாம். சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுமாம். கடைசியில தோலை உரிச்சு உப்பு தடவுமாம்.”

“அதான் சொல்றேன். ஆளை முன்னாடியே கண்டுபிடிச்சுட்டா பாதி பயம் போயிடும். சாவி வச்சிருந்தா பேதுரு. காலடியில சிங்கம் படுத்திருந்தா ஜெரோம். சக்கரம் இருந்தா கேத்தரின். அந்தக் கால ஓவியன் புனிதர்களை நேர்ல பாத்தானா என்ன? பொருளை வச்சுத்தான் ஆளு.”

“அப்போ அந்தக் கோடியில நிக்கறவர் யாருன்னு சொல்லு, பாப்போம்.”

நரைத்த தலை. கோட்டு. கக்கத்தில் ஒரு தடிப் புத்தகம். சுவரில் மாட்டியிருந்த ஓவியப் பிரதியில் மூக்கு உரச நின்று, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூதக்கண்ணாடி, கோட்டு, புத்தகம். சந்தேகமே இல்லை, எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்தான்.” அவள் குரல் இறங்கியது. “அதுவும் என் படத்தையே பாக்கறார்.”

அந்த வராந்தாவில் போக வரப் பார்த்து, அவள் ஆராய்ச்சிக்கே எடுத்துக்கொண்ட படம். கூந்தலை விரித்துப் போட்ட ஒரு பெண், கையில் சிமிழ். வரைந்தவன் கையெழுத்து இல்லை. தைலச் சிமிழ் இருப்பதால் அது ஏசுவுக்குத் தைலம் கொண்டுபோன புனிதர் மகதலேனா மரியாள் என்று எல்லோரும் சொல்லிவந்தார்கள். இல்லை, யாரோ ஒரு மருந்துக்கடைக்காரரின் மனைவி என்பது அவள் கட்சி.

“போய்ப் பேச்சுக் குடு,” என்றாள் தங்கை.

“நானா?”

“பின்னே நானா? எனக்குச் சிமிழும் தெரியாது, சிங்கமும் தெரியாது.”

அவள் தோளை நிமிர்த்திக்கொண்டு போனாள். “எல்லாரும் இதை மகதலேனாங்கறாங்க,” என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல. “எனக்கு அப்படித் தோணலை.”

அவர் திரும்பினார். அவளையும், பின்னால் ஆய்வேட்டைச் சுமந்து வந்த தங்கையையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், மேடம்.”

மேடமா!

“வெறும் சிமிழை வச்சு முடிவு பண்ணிடக் கூடாதில்லையா?”

“கூடவே கூடாது, மேடம்.”

“இது ஒரு மருந்துக்கடைக்காரரோட சம்சாரம்.”

“பாத்தாலே தெரியுது, மேடம்.”

தலையாட்டல் நிற்கவே இல்லை. “உப்பை எடுத்துட்டார்க்கா,” என்று தங்கை காதைக் கடித்தாள்.

இவ்வளவு ஒத்துக்கொள்கிறார் என்றால் எங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது. எங்கே? அவள் படத்தையே வெறித்தாள். கூந்தல்! அந்தக் காலத்தில் கல்யாணமான பெண் தலையை மூடாமல் படத்துக்கு உட்காருவாளா? விரித்த கூந்தல் மகதலேனாவுக்குத்தானே! இத்தனை வருடமாக இது உறைக்கவில்லையே!

“கூந்தலைப் பத்தி... யோசிச்சீங்களா?” என்று மெல்லக் கேட்டாள்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அதையும் நீங்களே சொல்லிடுங்க, மேடம்.”

தப்பிக்க வழியில்லை. சட்டென்று மூல ஓவியத்தை எடுத்த எக்ஸ்ரே படம் நினைவுக்கு வந்தது. ஆய்வேட்டின் கடைசியில் சேர்த்துவிட்டு மறந்துபோனது. கூந்தலுக்கு அடியில் வெள்ளையாக ஒரு வளைவு. சாயத்தில் விழுந்த விரிசல் என்று விட்டிருந்தாள். விரிசலா அது? குல்லாயின் ஓரம்!

“முதல்ல தலையில குல்லாய் இருந்திருக்கு!” என்று கத்தியேவிட்டாள். “பின்னாடி எவனோ, புனிதர் படம்னா நல்லா விக்கும்னு மேல முடியை வரைஞ்சுட்டான்!”

“அடேயப்பா!” என்றார் அவர்.

அதற்குள் ஆபீஸ்காரர் எட்டிப் பார்த்தார். “மேடம், உங்களை உள்ள வரச் சொல்றாங்க.”

அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவருக்கு வழிவிட்டு நின்றாள். அவரோ இன்னும் ஒதுங்கி நின்று, “நீங்க போங்க, மேடம்,” என்றார்.

உள்ளே தேர்வாளர் நாற்காலியில் ஓர் இளம்பெண் உட்கார்ந்து, டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். கையில் வேறு எதுவும் இல்லை. சொன்னதற்கெல்லாம் சாதுவாகத் தலையாட்டினாள். கடைசியில் விரலைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எல்லாம் சரி. அந்தக் கூந்தலுக்கு என்ன பதில் சொல்றீங்க?”

வெளியே வந்தபோது அவள் கால் தரையில் பாவவில்லை. டாக்டர் பட்டம்! மியூசியம்! தங்கை எங்கே என்று தேடுவதற்குள், கோட்டுக்காரர் பட்டனைப் போட்டுக்கொண்டு எதிரில் வந்து நின்றார்.

“அடுத்த வைவா என்னோடதுதான், மேடம். பாதிக் கேள்வியை வராந்தாவிலயே கேட்டுட்டீங்க. மீதியையும் இங்கயே கேட்டு முடிச்சுடுங்களேன், உள்ள வர்றதுக்கு உதறலா இருக்கு!”