இரண்டு பஸ் தூரம்

“அந்தக் காலேஜ்தான் நைனா, ரிசல்ட்டுல மெட்ராஸுக்கே ஃபஸ்டு” என்றாள் ஃப்ளோரா, பத்தாவது முறையாக.

“ரெண்டு பஸ்ஸு மாறணுமே! பக்கத்துத் தெரு காலேஜுக்கு இன்னா கொறச்சல்?” என்றார், இந்த மாதம் ஹார்பரில் ரிட்டயராகும் சிலுவைமுத்து.

“அது கடைசி. வேணும்னா நம்ம சர்ச் ஃபாதரைக் கேளு.”

ஃபாதரும் அவள் பக்கமே பேசி, காலேஜ் மதருக்குச் சிபாரிசுக் கடிதமும் கொடுத்தார். சிலுவைமுத்து அதோடு பஸ் ஏறினார்.

ஃப்ளோரா தனக்குள் சிரித்துக்கொண்டாள். ரிசல்ட்டாவது ஒன்றாவது! ராயபுரத்தில் யாரைப் பார்த்துச் சிரித்தாலும் சாயங்காலத்துக்குள் அப்பா காதுக்குப் போய்விடும். அந்தக் காலேஜ் பக்கம் அவளைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

சாயங்காலம் சிலுவைமுத்து பல்லெல்லாம் தெரியத் திரும்பினார். கையில் புதுக் காக்கிச் சட்டை.

“சீட்டு கெடச்சிடுச்சிம்மா! ஃபாதர் லெட்டர்ல எனக்கும் ஒரு வரி எழுதிகீறாரு. ஒண்ணாந்தேதிலேர்ந்து அங்க கேட்டுல வாட்ச்மேன் நான்தான். ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போய்ட்டு வரலாம்.”



“நைனா... நான் பக்கத்துத் தெருவுலயே படிக்கிறேனே.”

“அய்ய, அது கடைசின்னு நீதானேம்மா சொன்னே?”