பதினேழாம் எண் குழந்தை

"பதினேழாம் நம்பர் வயித்துல ஆட்சியே மாறிடுச்சு சிஸ்டர்!"

பரிசோதனைக்கூடக்காரர் சிரித்துக்கொண்டே தாளை நீட்டினார். செவிலிக்குச் சிரிப்பு வரவில்லை.

டின் பாலில் தாவர எண்ணெய்க்குப் பதிலாகப் பசும்பாலின் கொழுப்பைச் சேர்த்தால், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் டின் பால் குழந்தைகளின் குடலிலும் வளருமா என்பது ஆராய்ச்சி. எழுபத்திரண்டு குழந்தைகள். வாரந்தோறும் ஒவ்வொரு குழந்தையின் மலமும் ஒரு குப்பியில் வந்து சேரவேண்டும்.

"இது எண்ணெய் சேர்த்த டின் குடிக்கிற குழந்தை. மூணு வாரமா அச்சு அசலாத் தாய்ப்பால் குழந்தை மாதிரி காட்டுது."

"அந்தத் தாய்க்குப் பாலே சுரக்கலியே! குப்பி மாறிப்போச்சா?"

"இங்கே மாறலை. வர்ற இடத்துல பாருங்க."

அவர் போன சற்று நேரத்தில், பஸ் ஓட்டுநரான அந்தக் குழந்தையின் தந்தை ஐஸ் பெட்டியுடன் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

செவிலி சுற்றி வளைக்கவில்லை. "இதுல இருக்கறது யார் வீட்டுக் குழந்தையோடது?"

அவர் பெட்டியை மடியோடு இறுக்கிக்கொண்டார். "மாடி வீட்டுக் குழந்தையோடது சிஸ்டர்."

"எத்தனை வாரமா?"

"மூணு."

"கூசாம சொல்றீங்களே! எங்க முடிவை நம்பித்தான் நாளைக்குப் பால் மாவு தயாரிப்பாங்க. தாயில்லாத பிள்ளைங்க எத்தனை அதைக் குடிச்சு வளரணும் தெரியுமா? நீங்களும் ஒரு பிள்ளையைப் பெத்தவர்தானே?"

"தப்புதான் சிஸ்டர்."

"டின் மட்டும் வாரா வாரம் தவறாம வாங்கிட்டுப் போனீங்க. அதெல்லாம் எங்கே?"

அவர் பையிலிருந்து மூன்று டின்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்றின் மூடிகூடத் திறக்கப்படவில்லை.

"நல்லா இருக்கு நியாயம்! அப்ப பிள்ளைக்கு என்னத்தைத்தான் குடுத்தீங்க?"

"அவன் போய் மூணு வாரம் ஆச்சு சிஸ்டர். நெஞ்சுல சளி கட்டி, ரெண்டே நாள்ல."

செவிலியின் பேனா நின்றது. "அப்புறம் எதுக்குத் தம்பி இந்த வேலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா லிஸ்ட்லேர்ந்து அவன் பேரை அடிச்சுடுவீங்கல்ல? வீட்டுல மறுநாளே தொட்டிலைக் கழட்டிட்டாங்க. அவன் பேச்சை எடுத்தா, 'உன் பொண்டாட்டியை அழ வைக்காதேடா'ன்னு அம்மா என் வாயைப் பொத்தறாங்க. டிப்போவுல எல்லாரும் பேச்சை மாத்தறாங்க. யாரையும் குத்தம் சொல்லலை. இந்த உலகத்துல இன்னும் 'பையன் நல்லாத் தூங்கறானா? முகம் பார்த்துச் சிரிக்கறானா?'ன்னு கேக்கறது நீங்க ஒருத்தர்தான். 'சிரிக்கறான் சிஸ்டர்'னு வாரத்துக்கு ஒரு தடவை சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவை படிவத்தில் நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் அச்சாகியிருந்த கேள்விகள் என்பதையும், அவற்றைக் கேட்கையில் தாம் ஒரு நாளும் தலை நிமிர்ந்ததில்லை என்பதையும் சொல்ல, செவிலிக்கு நா எழவில்லை.