கறுவாவுக்கு ஒரு கையெழுத்து

“வீட்டுல நாயைச் சும்மா வளர்க்க ஏலா, நானா. தேவை ஒண்டு இரிக்கணும்.”

முபாரிஸ் கதிரையின் நுனியில் உட்கார்ந்து இதைச் சொன்னான். எத்தாளைப் பள்ளிவாசலுக்கு அவன் செயலாளராகி ஆறு மாதம். மடியில் ஒரு ஃபைல் இருந்தது. சாரத்தின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தான். நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு.

“தேவை இல்லாமலா வச்சிரிக்கிறன்?” என்றார் பதுர்தீன். கறுப்புக் கண்ணாடி போட்ட அவர் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. “கண் தெரியாதவனுக்கு வழிகாட்டத்தான். முந்தின செயலாளர் அதைப் பார்த்துத்தானே அனுமதி தந்த.”

அவர் காலடியில் கறுவாப்பட்டை நிறத்தில் ஒரு ஊர்நாய் படுத்திருந்தது. பெயரும் கறுவாதான்.

“அது அப்ப. போன வருஷம் உப்பு லொறி பின்னுக்கு வந்த நேரம், உங்கட சாரத்தைக் கவ்வி இழுத்துப் போட்டு, தான் போய் அடிபட்டிச்சு. ஊருக்கே தெரியும். கொழும்புல மிருகங்களுக்குச் சங்கம் ஒண்டு இரிக்கி, அவங்க இதுக்குப் பதக்கம் குடுக்கப் போறாங்க. பள்ளிக் கையெழுத்துக் கேட்டு ஃபோம் அனுப்பிரிக்காங்க. ஆனா...”

“என்ன ஆனா?” பதுர்தீனின் மனைவி அஸ்ரியா தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

“மண்டையில அடிபட்டதுக்குப் பொறகு அது பழைய நாய் இல்ல எண்டு கமிட்டியில கதை, மதினி. வழிகாட்ட ஏலாட்டித் தேவை இல்ல. தேவை இல்லாட்டி அனுமதியும் இல்ல. நிக்கொலஸ் தன்ட மீன் வாடிக்கு எடுக்கிறன் எண்டு சொல்றான்.”

அஸ்ரியா கோப்பையை மேசையில் வைத்தாள். நிக்கொலஸ் நல்ல மனுசன். ஆனால் வாடி என்பது கயிறும் நங்கூரமும் குவிந்து கிடக்கிற இடம். கறுவா அங்கே ஒரு கிழமை தாங்காது.

“பதக்கமும் குடுப்பீங்க, வீட்டை விட்டும் துரத்துவீங்க. நல்ல மரியாதைதான்.”

“என்னோட கோவிக்காதீங்க, மதினி. நானா உப்பள வரம்பால ஒருக்கா நடந்து காட்டட்டும். கண்ணால கண்டா இண்டைக்கே கையெழுத்து வைக்கிறன்.”

“ஓம், நடப்பமே,” என்று பதுர்தீன் தடியைத் தடவி எடுத்தார்.

வரம்பு இரண்டு முழ அகலம். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் வெயிலில் பளபளத்தது. முபாரிஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் போனான். அஸ்ரியாவும் அவன் பின்னால் போனாள். பாதித் தூரத்தில் அவன் நின்று, சைக்கிளை வரம்புக்குக் குறுக்கே சத்தமில்லாமல் படுக்க வைத்தான். அவளைப் பார்த்து வாயில் விரலை வைத்தான்.

அவளுக்குக் கத்தலாம் போலிருந்தது. கத்தினால் எல்லாம் போச்சு.

அவர்கள் வந்தார்கள். பதுர்தீன் கயிற்றைக் குறுக்கிப் பிடித்திருந்தார். கறுவா அவர் காலோடு உரசியபடி நடந்தது. பத்தடி. ஐந்தடி. அஸ்ரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது இருவரும் சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். கறுவா குந்திக்கொண்டது. பதுர்தீன் தடியை நீட்டினார். சில்லுக் கம்பியில் டிங் என்றது.

“என்ன தம்பி இது, வரம்புலயா சைக்கிளுக்குப் படுக்கை? கறுவா இல்லாட்டி நான் இந்நேரம் உப்புல விழுந்து கருவாடு!”

“ஸுப்ஹானல்லாஹ்!” என்றான் முபாரிஸ். “மன்னிச்சிருங்க நானா. பார்க்கத்தான் போட்ட.”

அங்கேயே சைக்கிளை நிமிர்த்தி, சீற்றின் மேல் ஃபைலை வைத்து ஃபோமில் எழுதினான். மேடைப் பேச்சில் ஆசையுள்ளவன். எழுதியதை உரக்க வாசித்தும் காட்டினான்: “குருடான ஒரு ஜீவனை இன்னொரு ஜீவன் கைவிடாமல் நடத்திச் சென்றதை என் இரு கண்களாலும் கண்டேன். இவ்விருவரையும் பிரிப்பது பாவம்.”

கையெழுத்தும் வைத்தான். நாயைத் தடவக் கையை நீட்டியவனுக்கு ஏழு தரம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஃபைலின் நுனியால் அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தான். “கறுவாட படத்தை ஒட்டி நீங்களே தபால்ல போடுங்க, மதினி. இனி கமிட்டியில யாரும் வாய் திறந்தா என்னட்டச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்ததும் அஸ்ரியா கதவைச் சாத்தி, அதிலேயே சாய்ந்து நின்றாள்.

“இன்னொருக்கா இப்பிடி எண்டா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும். பொய்க்கு அந்தப் பொடியனைக் கையெழுத்து வைக்கப் பண்ணிட்டமே.”

“அவன் எங்க பொய் எழுதின? கண்டதைத்தானே எழுதிரிக்கான்.”

பதுர்தீன் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சிலாபம் ஆஸ்பத்திரியில் வெள்ளை எடுத்துப் பார்வை திரும்பி எட்டு மாதமான கண்களுக்கு முன்னால் ஃபோமைப் பிடித்தார்.

“ஆனா ‘குருடான’ எண்டதுக்குப் பெரிய ‘று’ போட்டிரிக்கான், பாரு,” என்று சிரித்தவர், சட்டென்று நிமிர்ந்தார். “அஸ்ரியா, அவன் இழுத்துப் போட்ட கதிரையை எடு. லொறி அடிச்ச நாள்ல இரிந்து கண் தெரியாத நாய், நேரா அதுல போய் மோதப் போகுது.”