அரை மணி நேரப் பயணம்

"அரை மணி நேரத்துல போய் இறங்குற ஊருக்கு பிளேன் டிக்கெட் இவ்வளவு விலையா? பகல் கொள்ளையா இருக்கே!"

டிராவல்ஸ் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. மேசையைத் தட்டியவர் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி. பல வருடம் சங்கத் தலைவராக இருந்தவர். பக்கத்தில் கைப்பையின் வாரைத் திருகியபடி அவர் மனைவி.

"சார், அது அரை மணி இல்ல..." என்றாள் கவுன்டர் பெண்.

"நீங்கதானே அச்சடிச்சிருக்கீங்க? ஒன்பதுக்குக் கிளம்புது, ஒன்பதரைக்கு இறங்குது. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"ஒன்பதரைங்கிறது அந்த ஊர் நேரம் சார். அங்க கடிகாரம் நமக்குப் பின்னால..."

"கடிகாரத்தைத் திருப்பி வெச்சு வேலை வாங்கின முதலாளிங்களையே பார்த்தவன் நான். எங்கிட்ட வேணாம்!"

வரிசையில் நின்ற டை கட்டியவர்கள் சிரித்தார்கள். விமானத்தில் நாலு தடவை ஏறியவர்களுக்கு, ஏறாதவனைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடுகிறது.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? மார்க்கெட்டுக்குப் பஸ்ல போற நேரம்கூட ஆகாது. கண்ணை மூடித் திறந்தா மக வீடு. இதுக்குப் போய் நடுங்குறே!"

"சரிங்க, போறேன்" என்றாள். முகத்தின் இறுக்கம் தளர்ந்திருந்தது.

"அப்படிச் சொல்லு. பக்கத்துக் கடையில பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துட்டு வா."

அவள் வெளியே போனதும் கவுன்டர் பெண் கடுகடுத்தாள். "பொய் சொல்லி அனுப்பாதீங்க சார். முழுசா நாலு மணி நேரம். பாதிக்கு மேல கடல்."

அவர் குரலைத் தணித்தார்.

"தெரியும்மா. லிஃப்ட் கதவு மூடினாலே என் கையைப் பிடிச்சுக்குறவ. மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளை கப்பல்ல இருக்காரு, கூட யாருமில்ல. நாலு மணி நேரம்னு சொன்னா இவ வீட்டு வாசலைத் தாண்ட மாட்டா. நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்."

"ஏறின பிறகு தெரிஞ்சுடுமே?"

"தெரிஞ்சா? பாதி வானத்துல இறங்கியா வருவா?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டிக்கெட்டை உறுதி செய்தாள்.

மனைவி நகலோடு வந்தாள். அவர் ஸ்கூட்டரை எடுக்க வெளியே போனார். அவர் போவதைப் பார்த்திருந்துவிட்டு அவள் கவுன்டர் மேல் குனிந்தாள்.

"ஏம்மா, நாலு மணி நேரம்தானே?"

கவுன்டர் பெண் திகைத்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"மக என்னைக் கூப்பிட்ட அன்னிக்கே சொல்லிட்டா. பயம்தான், என்ன பண்றது, பெத்தாச்சே. அவர்கிட்ட மட்டும் வாயைத் திறந்துடாதம்மா. போராட்டத்துல ஜெயிலுக்குப் போனப்பக்கூட, நான் வாசல்ல நிக்கிறேனான்னு திரும்பித் திரும்பிப் பார்த்த மனுஷன். கூப்பிட்டா அரை மணியில வந்துடுவேன்னு நம்பினாத்தான், அவரு இங்க தனியாப் படுத்துத் தூங்குவாரு."